மண்ணெண்ணெயிலும் ஓடிய மகராசிகள்

உலகத்தில் இதைவிட வேகமான கார்கள் எத்தனையோ உண்டு. இதைவிடச் சொகுசான கார்களுக்கும் குறைவில்லை. இருக்கட்டும். யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றின் முடக்கில், கதியால் வேலியை உரசுமாப்போல ஒரு மொறிஸ் மைனர் திரும்பி வந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். அந்த உருண்டை முகமும், அகல விழித்த இரண்டு லைற்றுகளும், புர்ர்ரென்ற அந்தத் தனிக்குரலும்! எதிரே வருவது யாருடைய கார் என்றுகூடப் பார்க்கமாட்டேன். கையைக் காட்டி நிறுத்தி, பொனற்றைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டுவிடுவேன். ஒருவர்கூட இதுவரை மறுத்ததில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களைப்போல நல்ல மனிதர்கள் கிடையாது.

பழைய கார் பார்க்க வேண்டுமென்றால் நூதனசாலைக்குப் போ என்பார்கள். எங்கள் குடாநாட்டில் அது வேண்டியதில்லை. ஒஸ்ரின் ஏ 40, எங்கள் வாயில் ஏ போர்ட்டி, இன்றும் வீட்டு முற்றங்களில் நிற்கிறது. 1947இல் வந்த டெவன், 1952இல் வந்த சொமர்செற் இரண்டிலும் 1200 சிசி எஞ்சின். சொமர்செற்றில் கியர் கம்பு ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். முன் இருக்கை வாங்குபோல நீளமானது. மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் நான்கு பேர் இருப்போம். இதனால்தான் வாடகைக் கார்க்காரர்களுக்கு அது தெய்வம். அதற்குப் பிறகு வந்தது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். அதன் பிந்திய மாதிரி, இத்தாலியின் பினின்ஃபரீனா வடிவமைத்த வால் செதில்களோடு, கலியாண வீட்டு மாப்பிள்ளைபோல நிற்கும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு செய்தி: நீங்கள் ஏறித் திரிந்த அம்பாசடர் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்ற ஆங்கிலக் காரே 1957இல் இந்தியாவில் அம்பாசடர் ஆனது. அதன் 1489 சிசி எஞ்சினும் கேம்பிறிட்ஜின் எஞ்சினும் ஒரே பரம்பரை.

என்றாலும் என் நெஞ்சு மைனரிடம்தான். என்னுடையது ஐம்பதுகளின் கடைசியில் வந்த மொறிஸ் மைனர் 1000. 948 சிசி, சாம்பல் நிறம், இரண்டு கதவு. அதைக் கிளப்புவதே ஒரு சுகம். திறப்பைத் திருப்பியவுடன் கார் ஓடாது. முதலில் முன்பக்கமிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். அது எஸ்.யூ. பெற்றோல் பம்ப். காபரேட்டரின் கிண்ணம் நிரம்ப நிரம்ப அந்த டிக் மெதுவாகி, பிறகு அடங்கும். அதுவரை பொறுக்க வேண்டும். பிறகு சோக் குமிழை இழுத்து, பக்கத்தில் உள்ள ஸ்டாட்டர் குமிழையும் இழுக்க வேண்டும். ஒரு சின்ன உதறல். எஞ்சின் எழும்பிவிட்டது! பற்றறி இறங்கிக் கிடந்தாலும் கவலையில்லை. முன் பம்பருக்கு மேலே உள்ள துளையால் கைக்கம்பியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். இன்றைய காரில் பற்றறி செத்தால் கதவைத் திறப்பதே பெரும் பாடு.

திரும்பும்போது சிக்னல் காட்டுவதைப் பார்க்க வேண்டும். கதவுக்குப் பின்னால் உள்ள தூணின் வெட்டுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கை டக்கென்று வெளியே எழும்பி, உள்ளே வெளிச்சம் போட்டுக்கொண்டு நிற்கும். திரும்பி முடிந்ததும் மடங்கித் தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். 1961 வரை வந்த மைனர்களில் இந்தக் கை உண்டு. சந்தியில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் துள்ளுவார்கள். அவர்களுக்காகவே நான் சும்மா இன்னொரு முறை போட்டுக் காட்டுவேன்.

ஓட்டம்? அதைச் சொல்ல வார்த்தை தேட வேண்டும். பருத்தித்துறை வீதியில் வல்லை வெளியைத் தாண்டும்போது, முன் கதவின் முக்கோணக் கண்ணாடியைச் சற்றுத் திருப்பி விடுங்கள். வெளிக்காற்று நேரே நெஞ்சில் வந்து விழும். எந்த ஏசிக்கும் அந்தக் குளிர்மை வராது. பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போனால் இரண்டு பக்கமும் கடல், நடுவில் நீங்களும் உங்கள் மைனரும். ஸ்டியரிங் அவ்வளவு துல்லியம்: விரலால் நினைத்தால் சில்லு திரும்பும். பற்சட்டமும் பற்சில்லும் பொருத்திய அந்த ஸ்டியரிங்கையும், முறுக்குக் கம்பிகள் தாங்கும் முன் சஸ்பென்ஷனையும் 1948இல், சாதாரண மனிதன் வாங்கக்கூடிய ஒரு சின்னக் காரில் வைத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். காலை அக்சிலேற்றரில் இருந்து எடுத்தவுடன் சைலென்சரிலிருந்து வரும் அந்தப் புர்ர்ர்ர்! கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மைனர் என்று சொல்லிவிடுவேன்.

இந்த அழகைச் செய்தவர் அலெக் இசிகோனிஸ். ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில், 1906இல் பிறந்தவர். பின்னாளில் மினியை உலகுக்குத் தந்தவரும் இவரே. மைனரின் வேலை எல்லாம் முடிந்து, தொழிற்சாலை தயாராக நின்ற கடைசி நேரத்தில், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று அவர் மனம் உறுத்தியது. மாதிரிக் காரை நெடுக நடுவால் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் மெல்ல மெல்ல விலக்கி, கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தினார். 4 அங்குலம்! அந்த 4 அங்குலத்தை இன்றும் நீங்கள் கையால் தடவிப் பார்க்கலாம். மைனரின் பொனற்றின் நடுவால் ஒரு பட்டை ஓடுகிறதே, அதுதான். பம்பர்களை ஏற்கெனவே அடித்து முடித்துவிட்டதால், முதல் வந்த கார்களில் அவற்றையும் நடுவால் வெட்டி இடையில் ஒரு துண்டு வைத்துப் பூட்டினார்கள். கொம்பனியின் தலைவர் நஃபீல்ட் பிரபு இதைப் பார்த்துவிட்டு, உடைத்து வெந்நீரில் அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். அந்த முட்டைதான் பிரித்தானியாவில் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் கார். 1971இல் நிறுத்தும்போது 16 இலட்சம் கார்கள் வெளிவந்திருந்தன. ஒரு மனிதன் தன் கண்ணை நம்பினான். உலகம் அவனை நம்பியது.

இனி நான் சொல்லப்போவது உலகத்தில் எந்தக் கார் விசிறியும் தன் காரைப் பற்றிச் சொல்ல முடியாத கதை. 1990 ஜூனில் இலங்கை உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. புதிய ஜப்பான் கார்கள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. அப்போது எழும்பி வந்தவை எங்கள் கிழட்டு ஒஸ்ரின்களும் மொறிஸ்களும். மண்ணெண்ணெயில் ஓடின!

எப்படி என்று கேட்பீர்கள். பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் கிளப்ப முடியாது. காபரேட்டரின் வாயில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்ப வேண்டும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கும். பிறகு வண்டி தன்பாட்டில் ஓடும். இந்த எஞ்சின்களில் காபரேட்டரிலிருந்து வரும் குழாய், புகை வெளியேறும் சூட்டுக் குழாயோடு ஒட்டியே பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சூடுதான் மண்ணெண்ணெயை ஆவியாக்கிக் கொடுத்தது. இன்னொன்று, அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருட் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு. இன்றைய கார்களில் அது 10க்கு மேலே. அவ்வளவு அமுக்கினால் மண்ணெண்ணெய் தானே வெடித்து எஞ்சினை அடித்து நொறுக்கும். ஏ போர்ட்டியில் அது 7 அளவில்தான். அதனால் தாங்கியது. இங்கிலாந்தில் பேர்கசன் டிராக்டர்களை இதே முறையில், பெற்றோலில் கிளப்பி எண்ணெயில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே செய்து விற்றார்கள். எங்கள் மெக்கானிக்குகளோ தொழிற்சாலையும் இல்லாமல், வரைபடமும் இல்லாமல், கராச் மாமரத்தின் கீழே அதைச் செய்து முடித்தார்கள். தலை வணங்குகிறேன்.

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு சொமர்செற் இருந்தது. முன் இருக்கைக்குக் கீழே சீலை சுற்றிய ஒரு சின்னப் போத்தல். அதற்குள் பெற்றோல். அந்த நாளில் வீட்டில் இருந்த தங்கத்துக்குக்கூட அவ்வளவு காவல் இல்லை. மூடியைத் திறந்து, கையால் காற்றை மறைத்துக்கொண்டு, துளி துளியாக விடுவார். பெரியம்மா ஸ்டாட்டரை இழுப்பார். வெள்ளைப் புகை முற்றம் முழுக்கப் பரவும்; ஊர் முழுக்க மண்ணெண்ணெய் மணக்கும். சாமத்தில் படலையில் தட்டுவார்கள். “அண்ணை, மகளுக்கு வலி தொடங்கீட்டுது, ஒருக்கா வாங்கோ!” பெரியப்பா சேட்டைக்கூடத் தேடமாட்டார். அந்த முன் வாங்கில், அந்தப் பின் இருக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்த பிள்ளைகள் இன்று உலகமெல்லாம் இருக்கிறார்கள். 1952ஆம் ஆண்டு மாதிரிக் கார் ஒன்று நாற்பது வருடம் கழித்து, தனக்கு விதிக்காத எண்ணெயைக் குடித்துக்கொண்டு உயிர் காத்தது. இதைவிட ஒரு காருக்கு என்ன பெருமை வேண்டும்?

அதற்கு விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரத்தால் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும். பிளக்குகள் கரி பிடிக்கும். அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். துடைக்க முடிந்தது என்பதுதான் இந்தக் கார்களின் மகத்துவம். மைனரின் பொனற்றைத் திறந்து பாருங்கள். எஞ்சினைச் சுற்றி இரண்டு பக்கமும் நிலம் தெரியும். நான்கு பிளக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக நிற்கும். மூடி மறைத்த பெட்டி ஒன்றுமில்லை. ஒரு சில ஸ்பானரும் ஒரு ஸ்குறூ டிறைவரும் இருந்தால் பாதிக் காரைக் கழற்றலாம். சாமான் கிடைக்காவிட்டால் கடைச்சல் பட்டறையில் கடைந்து போடலாம். செய்தவன் திறந்த மனதோடு செய்தான். அதனால்தான் கடைசிவரை எங்கள் கையால் காப்பாற்ற முடிந்தது.

இந்தக் கைத்திறன் தெற்கிலும் உண்டு. 1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், இருக்கிற காரை வைத்துக் காலம் தள்ளுவதைத் தவிர இலங்கையில் யாருக்கும் வேறு வழியில்லை. தகரம் அடிப்பவர்களும் கடைச்சல்காரர்களும் அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவர்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேயர் என்பவர் மொறிஸ் மைனர்களைத் திருத்துவதற்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். ஒரு காரை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதைவிட, நல்ல காரை நெடுங்காலம் பேணுவதே புத்தி என்று வாதாடி ஒரு நூலும் எழுதியவர் அவர். தன் மைனர்களுக்கு வேண்டிய உடல் தகடுகளை அவர் செய்வித்த இடம் இலங்கை! இங்கிலாந்து செய்த காருக்கு இலங்கைக் கைகள் மட்காட் அடித்து அங்கேயே திருப்பி அனுப்பின. இதை வாசித்த நாள் முழுக்க நான் காண்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இன்று இந்தக் கார்களுக்கு நல்ல காலம். கலியாணமென்றால் பூச்சரம் கட்டிய ஏ போர்ட்டியில்தான் பொம்பிளை மாப்பிள்ளை வர வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். நல்லது. ஆனால் படத்துக்கு மட்டும் வைத்திருக்காதீர்கள். ஓடாத மைனருக்குக் கறள் ஏறும், ரப்பர் வெடிக்கும். ஓட ஓடத்தான் அதற்கு இளமை.

உங்கள் மாட்டுக்கொட்டிலில், தாத்தாவின் தறப்பாளுக்குக் கீழே ஒன்று கிடக்கிறதா? தயவுசெய்து இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கதவுக்குக் கீழே உள்ள ஓரத்தகட்டில் விரலால் தட்டிப் பாருங்கள். மைனர் நிற்பதே அதன் பலத்தில். முன் சில்லுகளைத் தாங்கும் கீழ்ப் பூட்டுகளுக்குக் கிறீஸ் அடியுங்கள். மைனரில் 1000 மைலுக்கு ஒருதரம் அதை மறக்கவே கூடாது. பெற்றோல் குழாய்களைப் புதிதாக்குங்கள். பிறேக்கைப் பாருங்கள். ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் உங்கள் மகளையோ மகனையோ நிறுத்தி, ஸ்பானரை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். காரும் பிழைக்கும், கைத்தொழிலும் பிழைக்கும். பிறகு ஒரு பின்னேரம் வல்லை வெளிக்கு வாருங்கள், சேர்ந்து ஓடுவோம். முன்னுக்குப் போக உங்களுக்கே இடம் விடுகிறேன். அந்தப் புர்ர்ர் சத்தத்தை நான் பின்னால் வந்து கேட்க வேண்டும்!