சுவஸ்திகா: வடிவமும் வழக்கும்

ஒரு சிலுவைக் கோட்டின் நான்கு நுனிகளும் ஒரே சுற்றில் செங்கோணமாக மடங்கினால் அது சுவஸ்திகா. 'சு' என்றால் நல்லது, 'அஸ்தி' என்றால் இருக்கிறது. நலம் உண்டாகுக என்பது இந்த வடசொல்லின் கருத்து. சோழர் கல்வெட்டுகள் பல 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்குவது இந்த வாழ்த்தைச் சொல்லித்தான். ஆனால் வடிவம் இன்னும் பழையது. சிந்துவெளி முத்திரைகளில் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் அது இருக்கிறது. அங்கே அதன் பொருள் என்ன என்பதை இதுவரை யாரும் படித்தறியவில்லை.

தமிழ்நாட்டில் இதைக் காணத் திருச்சிக்கு அருகிலுள்ள திருவெள்ளறைக்குப் போக வேண்டும். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800இல், ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் வெட்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு அங்கே உள்ளது. நான்கு பக்கமும் படிக்கட்டு; ஒவ்வொன்றும் இடையில் திரும்பி இறங்குவதால், மேலிருந்து பார்த்தால் கிணறே சுவஸ்திகாவாகத் தெரியும். ஒரு துறையில் குளிப்பவர் மற்றத் துறையில் இருப்பவருக்குத் தெரியமாட்டார் என்பது ஊரார் சொல்லும் விளக்கம். மங்கலமும் பயன்பாடும் ஒன்றாய் அமைந்த இடம் அது.

சமணர்க்கு இதன் நான்கு கைகள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நான்கு பிறப்புகள். ஏழாம் தீர்த்தங்கரர் சுபார்சுவநாதரின் அடையாளமும் இதுவே. எங்கள் கடலூர் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் சமணர்களின் பெரிய இருப்பிடம். கணக்கேட்டில் நாம் இடுவது பிள்ளையார் சுழி. சுவஸ்திகா இடுவது பெரிதும் வடவர் வழக்கம். பல மாநிலத்தாரும் வேலைக்கு வந்து குடியேறிய நெய்வேலியில் இரண்டையும் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் கதை வேறு. 1870களில் ஹென்ரிக் ஷ்லீமன் டிராய் நகரை அகழ்ந்தபோது இந்தக் குறி பொறித்த பொருள்கள் கிடைத்தன. அதை 'ஆரிய இனத்தின்' முத்திரை என்று சிலர் கட்டிய கதை ஜெர்மானிய இனவாதிகளுக்கு வசதியாயிற்று. ஆனாலும் மற்றவர்களுக்கு அது அப்போது வெறும் அதிர்ஷ்டக் குறிதான். கிப்ளிங்கின் புத்தகங்களில் இருந்தது, பின்லாந்தின் போர் விமானங்களில் இருந்தது, அமெரிக்காவின் 45ஆம் காலாட்படைப் பிரிவினர் அதைத் தோளில் அணிந்தார்கள். 1920இல் நாஜிக் கட்சி அதைக் கொடியில் ஏற்றியது. 1935இல் அதுவே ஜெர்மனியின் தேசியக் கொடி. கிப்ளிங் தம் புத்தகங்களிலிருந்து அதை நீக்கச் செய்தார். 45ஆம் பிரிவு இடிப்பறவைச் சின்னத்துக்கு மாறியது. பல ஆயிரம் ஆண்டுப் பொருளை மேலைநாட்டில் அழிக்க 25 ஆண்டுகள் போதுமாயின.

இதற்கு நம்மவர் சொல்லும் வழக்கமான பதில், "நம்முடையது வலஞ்சுழி, ஹிட்லருடையது இடஞ்சுழி" என்பது. இது தவறு. நாஜிகளுடையதும் வலஞ்சுழிதான். சாய்த்து வரைந்தார்கள் என்பார்கள், பெரும்பாலும் உண்மை. ஆனால் ஹிட்லரின் தனிக்கொடியில் அது நேராகவே நின்றது. ஜெர்மனியின் ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் கட்டி வாழும் ஈழத்தமிழருள் ஒருவர் வாசலில் இதைக் கோலமாக இட்டால், அடுத்த வீட்டாருக்குக் கோணமானியை வைத்து விளக்கம் சொல்ல முடியாது. ஜெர்மானியர் நாஜிச் சின்னத்தைச் சுவஸ்திகா என்று சொல்வதில்லை, 'ஹாக்கன்க்ராய்ஸ்', அதாவது கொக்கிச் சிலுவை என்கிறார்கள். அந்தப் பெயரையே நாமும் வழங்கலாம் என்ற யோசனை நல்லதுதான், ஆனால் பாதி மருந்து.

ஜெர்மன் சட்டமே வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றம்; கற்பித்தல், கலை, ஆய்வு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதைக் குறுக்கே கோடிட்டு அடித்துக் காட்டும் எதிர்ப்புச் சின்னம் குற்றமாகாது என்று 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார், எதற்காக இட்டார் என்பதே அங்கே கேள்வி.

அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டால் என்ன ஆகும்? 2006இல் நவி மும்பையில் 'ஹிட்லர்ஸ் கிராஸ்' என்று ஓர் உணவகம் திறந்தார்கள். 2012இல் அகமதாபாதில் 'ஹிட்லர்' என்ற துணிக்கடை. பெயர்ப்பலகையில் ஆங்கில 'ஐ' எழுத்தின் புள்ளிக்குள் சுவஸ்திகா. இரண்டும் எதிர்ப்புக்குப் பிறகே பெயர் மாறின. நம் புனிதக் குறியை ஹிட்லரோடு சேர்க்காதீர்கள் என்று உலகத்தைக் கேட்கிறோம். சேர்த்துப் பலகை எழுதியவர்கள் நம் நாட்டவர்.

வகுப்பறையும் விலக்கல்ல. பிடித்த தலைவரைப் பற்றி எழுதச் சொன்னால் காந்தி, காமராசர், கலாம் வரிசையில் ஹிட்லரும் எட்டிப் பார்ப்பார். கட்டுப்பாடு, பேச்சாற்றல், 1942இல் நேதாஜியைச் சந்தித்தது ஆகியவை காரணமாக வரும். கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களுக்கு ஒரு வரி இருக்காது. (கண்டிப்பான ஆசிரியருக்கு மாணவர் வைக்கும் பட்டப்பெயரும் அதுதானே!) நெய்வேலிப் பிள்ளைகளிடம் இன்னொரு காரணமும் உண்டு: சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத வாளிச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்தத் திறமையை ஹிட்லர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நிலக்கரி நிறுவனம் தொடங்கியதே 1956இல். ஹிட்லர் செத்துப் 11 ஆண்டு ஆகியிருந்தது.

வரலாற்று ஆசிரியர்கள் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். திருவெள்ளறைக் கிணற்றின் படத்தையும் 1935ஆம் ஆண்டுக் கொடியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கேட்க வேண்டாம். யாருக்குத் தண்ணீர் கிடைத்தது, யார் வீட்டை விட்டு ஓடினார்கள் என்று கேளுங்கள்.