பாயிண்ட்டைக் கழற்றலாமா?

எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் வண்டி பறக்கும் என்பார்கள், பழைய பெட்ரோல் அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் கிட் விற்பவர்கள். பறக்காது. ஒழுங்காக டியூன் செய்த பாயிண்ட் செட்டே 1489 சிசி அம்பாசடர் இன்ஜினுக்கு வேண்டிய பொறியைத் தந்துவிடும். கிட் மாட்டினால் கிடைப்பது வேறொன்று: ஒருமுறை வைத்த டைமிங் நகராமல் நிற்கும். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. (டீசல் அம்பாசடர்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.)

பாயிண்ட் முறை, சார்ல்ஸ் கெட்டரிங் காடிலாக்குக்கு உருவாக்கிக் கொடுத்து, 1910 மாடலில் வந்த ஏற்பாடு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் கேம் பாயிண்ட்டைத் திறக்கிறது. காயிலின் பிரைமரியில் ஓடும் மின்சாரம் அறுபடுகிறது. அந்த நொடியில் செகண்டரியில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது பாயிண்ட் வினாடிக்கு 100 முறை திறக்க வேண்டும். முனை கருகுவது எல்லோர் கண்ணிலும் படும். கேமில் உரசும் கட்டை தேய்வதுதான் யாருக்கும் தெரிவதில்லை. அது தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் பின்னுக்குப் போகும். மாதக்கணக்கில் மெல்ல நடப்பதால், மைலேஜ் குறைந்ததற்கு ஓட்டுபவர் பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருப்பார்.

காந்த வளையமும் ஹால் சென்சாரும் வைத்த கிட்டில் உரசலே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் லேசாக ஆடினாலும் பாயிண்ட் அளவுக்குத் தடுமாறாது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு இறுகிவந்த காலத்தில், 1973இல், கிரைஸ்லர் தன் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் எலெக்ட்ரானிக் இக்னிஷனைக் கொடுத்தது இந்த நிலைத்தன்மைக்காகத்தான்.

ஆனால் பாயிண்ட் சொல்லிவிட்டுத்தான் கெடும். முதலில் இழுவை குறையும், பிறகு மிஸ் அடிக்கும். உப்புத்தாளும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் சாலையோரத்திலேயே சரி பார்க்கலாம். லூகாஸ் வகைக்கு வேண்டிய 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளியை, ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் கெட்டி அட்டையை வைத்தே ஏறக்குறையப் பிடித்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. கிட்டில் இருக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூல் போனால் போனதுதான். அது போவதற்கான வழிகளும் நம் பழைய வண்டிகளில் ஏராளம். இன்ஜின் ஓடாமல் சாவி ஆனிலேயே கிடந்தால் சில மாட்யூல்கள் சூடேறிக் கருகும். ரெசிஸ்டன்ஸ் குறைந்த காயில் அதை எரித்துவிடும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் நெகட்டிவ் எர்த் கிட்டை மாட்டினால் அன்றைக்கே கதை முடிந்தது. செம்புக் கம்பி பிளக் வயரின் இரைச்சலில் சென்சார் குழம்பும். பேட்டரி சோர்ந்திருக்கும்போது, ஸ்டார்ட்டர் இழுக்கும் இழுப்பில் வோல்டேஜ் இறங்கி, சில கிட்கள் பொறியே தராமல் நிற்கும். அதே வோல்டேஜில் பாயிண்ட் எப்படியோ ஒப்பேற்றிவிடும்.

இதைவிடப் பெரிய குறை, கிட்டுக்குக் கிடைக்கும் பெயரில் இருக்கிறது. மாட்டிய அன்று வண்டி புதுசு போல ஓடுகிறது என்கிறார்கள். அன்றுதானே பல வருஷங்களுக்குப் பிறகு ஒருவர் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தார்? கூடவே கேப், ரோட்டார், பிளக் எல்லாம் மாற்றியிருப்பார். பாயிண்ட்டோடு இருந்த, கெட்டுப்போன கண்டென்சரும் அன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கும். பாயிண்ட்டின் தலையில் விழும் பழியில் பெரும்பகுதி, இப்போது கடையில் கிடைக்கும் மட்டமான கண்டென்சருக்குப் போக வேண்டியது. துருப்பிடித்த அட்வான்ஸ் வெயிட், தளர்ந்த ஸ்பிரிங், கிழிந்த வேக்குவம் டயஃப்ரம் இவற்றில் எதையும் கிட் தொடுவதில்லை. அட்வான்ஸ் செத்துப்போன டிஸ்ட்ரிபியூட்டரில் எலெக்ட்ரானிக் வைப்பது, தவறான நேரத்தில் துல்லியமாகப் பொறி தருவதற்குச் சமம்.

பாயிண்ட்டை வைத்துக்கொண்டே, மின்சாரச் சுமையை மட்டும் டிரான்சிஸ்டருக்கு மாற்றும் நடுவழியும் உண்டு. முனை கருகாது, கட்டை மட்டும் தேயும். மாட்யூல் போனால் பழைய வயரிங்குக்கே திரும்பலாம். ஏனோ நம் ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

வாரத்தில் பல நாள் ஓடும், நெடுந்தூரம் போகும் வண்டிக்கு நல்ல கிட் போடுவது நியாயமே. விழாவுக்கு மட்டும் வெளியே வரும் வண்டிக்கு வீண் செலவு. பெயர் தெரியாத மலிவு கிட்டைவிடப் பாயிண்ட் எவ்வளவோ மேல். எதைச் செய்தாலும் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பழுது பாருங்கள். கிட் மாட்டினால், அளவு வைத்த பழைய பாயிண்ட் பிளேட்டையும் கண்டென்சரையும் டிக்கியில் போட்டு வையுங்கள்.