பாடநூலில் கருத்துப்படம்: நீக்கமும் வாசிப்பும்

முன்னுரை

அரசு, கருத்துரிமை ஆகியவற்றைக் கற்பிக்கக் கருத்துப்படம் ஏற்ற கருவி என்பது பலரும் உடன்படும் கருத்தாகும். எனினும், கற்போர் சார்ந்த சமூகத்தையே ஒரு படம் எள்ளும்போது வகுப்பறை அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பது ஆய்வுக்குரியது. என்.சி.இ.ஆர்.டி. அரசியல் அறிவியல் பாடநூல்கள் குறித்து 2012ஆம் ஆண்டு எழுந்த விவாதத்தின் வழி இவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது.

படமும் எதிர்ப்பும்

அரசியலமைப்பு உருவாக்கத்தின் வேகத்தை நத்தையாக உருவகித்து, அம்பேத்கரையும் நேருவையும் சாட்டையுடன் சித்திரித்த சங்கரின் 1949ஆம் ஆண்டுப் படம், 2012 மே மாதத்தில் நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பாடநூல் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்ஷிகரும் பதவி விலகினர். அடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இடம்பெற்ற ஆர்.கே. லட்சுமணின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய படத்தை நீக்குமாறு கருணாநிதி, வைகோ உள்ளிட்ட தலைவர்கள் வலியுறுத்தினர். போராடும் மாணவனை ஆங்கிலமும் படிக்கத் தெரியாதவனாக அப்படம் காட்டியது. 1965இல் துப்பாக்கிச் சூட்டுக்கும் தீக்குளிப்புக்கும் உயிர்களைப் பறிகொடுத்த சமூகம் இந்த எள்ளலால் புண்பட்டதில் வியப்பில்லை.

பல படங்களை நீக்கவோ மாற்றவோ தோரட் குழு பரிந்துரைத்தது. அக்குழுவின் உறுப்பினரும் திராவிட இயக்க ஆய்வாளருமான எம்.எஸ்.எஸ். பாண்டியன் அதனின்று மாறுபட்டுத் தம் கருத்தைப் பதிவுசெய்தார். தமிழரின் மொழியுணர்வை அறியாதவர் என அவரை ஒதுக்கிவிட இயலாது என்பது நோக்கத்தக்கது.

எள்ளலின் திசை

ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவைக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 1987இல் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. பரவலான எதிர்ப்பினால் சில நாள்களில் அவர் விடுதலையானார். அங்கு எள்ளப்பட்டோர் சட்டமன்ற உறுப்பினரும் அமைச்சரும். லட்சுமண் படத்தில் எள்ளப்பட்டவனோ அரசை எதிர்த்துத் தெருவில் நின்ற மாணவன். ஆட்சியாளர் தரும் தண்டனையையும் புண்பட்டோர் எழுப்பும் எதிர்ப்பையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. சட்டமன்ற உரிமைக்கும் கருத்துரிமைக்கும் இடையிலான முரணை முன்னது கற்பிக்கும். நகைச்சுவைக்குள் உறையும் மேலாதிக்கத்தைப் பின்னது கற்பிக்கும். மாணவர்க்கு இவ்விரண்டும் தேவை.

படத்தைச் சேர்த்ததைவிட அதனைத் தனியே நிறுத்தியதே பாடநூலின் குறை எனலாம். பம்பாய் ஆங்கில நாளிதழ் ஒன்றின் ஓவியரது பார்வைக்கு அருகில், அதே காலத் தமிழ் இதழ்களின் படமொன்று இடம்பெற்றிருக்க வேண்டும். யார், எப்போது, எவ்வாசகருக்காக வரைந்தார்? சிரிப்பவர் யார், சிரிப்புக்கு ஆளாவோர் யார்? ஆளானோர் வரைந்தால் அப்படம் எவ்வாறு அமையும்? இவ்வினாக்களை எழுப்பும் வகுப்பில் எள்ளலே சான்றாக மாறும்.

முடிவுரை

நீக்கம் புண்பட்டோர்க்கு ஆறுதல் தரலாம்; ஆனால் தம் முன்னோர் எவ்வாறு எள்ளப்பட்டனர் என்பதற்கான ஆவணத்தையும் மாணவரிடமிருந்து அது பறித்துவிடுகிறது. மறுமொழி கூறும் வாய்ப்பும் அதனோடு மறைகிறது. எனவே, ஒரு படத்தை எதிர்ப்போர் அதற்கு மறுப்பான படத்தையும் பாடநூலில் சேர்க்கக் கோருவதே கருத்துரிமைக் கல்விக்கு உகந்த வழியாகும்.