விவிலியத்தில் பணி ஓய்வும் இளைப்பாறுதலும்: அச்சங்குளத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

பணி ஓய்வு பற்றித் தமிழில் நிகழும் கிறித்தவச் சிந்தனை பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி வருகிறது. இறைப்பணிக்கு ஓய்வு உண்டா என்பதே அவ்வினா. 85 வயதிலும் மலைநாட்டைக் கேட்டுப் பெற்ற காலேபு ஒருபுறமும், 50 வயதில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட லேவியர் மறுபுறமும் சான்றாக நிறுத்தப்படுகின்றனர். மாத ஊதியமும் ஓய்வூதியமும் உடையோருக்கு இவ்வினா பொருந்தும். நாள் கூலியும் உருப்படிக் கூலியும் பெறுவோருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகிலுள்ள அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. உரிமம் ஒருவரிடமும் உற்பத்தி வேறொருவரிடமும் இருக்கும் உள்குத்தகை முறை இவ்விபத்துக்குப் பின் பெரிதும் பேசப்பட்டது. வேலையிலேயே உயிர் முடிந்துபோகும் ஒரு வட்டாரத்தில், ஓய்வு பற்றிய விவிலியப் பகுதிகள் யாரை நோக்கிப் பேசுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓய்வும் இளைப்பாறுதலும்

தமிழ் விவிலியம் இப்பொருளுக்கு இரு சொற்களை ஆள்கிறது. ஒன்று ஓய்வு; மற்றொன்று இளைப்பாறுதல். படைப்பு முடிந்த ஏழாம் நாளைக் குறிக்குமிடத்து ஓய்தல் வருகிறது. சுமை சுமந்து சோர்ந்தோரை இயேசு அழைக்குமிடத்து (மத்தேயு 11:28) 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பும் 1995இன் பொது மொழிபெயர்ப்பும் இளைப்பாறுதல் என்றே கூறுகின்றன. ஓய்வு என்பது செயல் நிற்பதைக் குறிக்கும். இளைப்பு என்பது களைப்பையும் மூச்சு வாங்குதலையும் ஒருங்கே சுட்டும். அது ஆறுவதே இளைப்பாறுதல். ஈழத் தமிழில் ‘இளைப்பாறிய ஆசிரியர்’ என்பது பணி ஓய்வு பெற்றவரைக் குறிக்கும் இயல்பான வழக்கு.

இவ்வேறுபாடு எபிரேய மூலத்திற்கும் நெருக்கமானது. யாத்திராகமம் 23:12 அடிமைப் பெண்ணின் மகனுக்கும் அந்நியனுக்கும் உரிய ஓய்வைச் சொல்லும்போது, உயிர்மூச்சைக் குறிக்கும் ‘நெபெஷ்’ என்பதோடு வேர் ஒன்றிய வினையைக் கையாள்கிறது. மூச்சு மீள்வதே அவர்களுக்குரிய ஓய்வு. மருந்துத் தூளுக்கிடையே நாள் முழுதும் அமர்ந்து பணிபுரிவோரை நோக்கப் பொருத்தமான சொல் ஓய்வைவிட இளைப்பாறுதலே எனலாம்.

செங்கல் கணக்கும் மன்னாவும்

ஓய்வுநாள் கட்டளை யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. எனினும் ஓய்வு குறித்த வழக்கு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 5ஆம் அதிகாரத்தில், மக்களைச் சுமைகளிலிருந்து ஓயச் செய்வதாக மோசேயின்மீது பார்வோன் குற்றஞ்சாட்டுகிறான். அங்கு வரும் வினைச்சொல்லின் வேரிலிருந்தே ‘சபாத்’ என்னும் பெயரும் அமைகிறது. பார்வோன் தரும் தண்டனை வைக்கோலை நிறுத்திவிட்டுச் செங்கல் எண்ணிக்கையைக் குறைக்காமல் கேட்பதாகும். ஓய்வு கேட்பவரைச் சோம்பேறி எனப் பழிப்பதும், எண்ணிக்கையைக் கொண்டு உடலை விரட்டுவதும் ஒரே ஆட்சிமுறையின் இரு கருவிகளாக அங்குக் காட்டப்படுகின்றன.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது 16ஆம் அதிகாரத்து மன்னா நிகழ்ச்சி. மிகுதியாகச் சேர்த்தவருக்கு எஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. ஆறாம் நாளில் இரு நாளுக்குரிய உணவு கிடைக்கிறது. அதன் பின்னரே ஏழாம் நாளில் ஓயுமாறு சொல்லப்படுகிறது. இவ்வரிசை கவனிக்கத்தக்கது. ஓய்வுநாளின் உணவுக்கு வழி செய்த பிறகே ஓய்வு கட்டளையாகிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 52ஆம் பிரிவில் வார விடுமுறையை வகுத்தது. ஆயினும் அந்நாளுக்குக் கூலி தரவேண்டும் என அப்பிரிவு கூறவில்லை. உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவருக்கு விடுமுறை என்பது வருவாய் இழப்பு நாள். தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடப்படும் வாரங்களும் மழை நாள்களும் அவ்வாறே கழிகின்றன. அவை வேலையற்ற நாள்களே. மன்னாவின் அளவுகோலில் அவற்றை ஓய்வு எனக் கொள்ள இயலாது.

ஐம்பது வயதும் ஆபத்தான பணியும்

பணி ஓய்வுக்கு விவிலியத்தில் உள்ள நேரடிச் சான்று எண்ணாகமம் 8:23–26. லேவியர் 25 வயதில் பணியேற்று 50 வயதில் விடுபடுகின்றனர். அதன்பின் தம் சகோதரருக்குத் துணை நிற்கலாம், கடும்பணி செய்யலாகாது. இப்பகுதி ஓய்வுக்குப் பின்னும் தொண்டாற்ற வேண்டும் என்பதற்கே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. வயது வரம்பு ஏன் விதிக்கப்பட்டது என்பது போதிய கவனம் பெறவில்லை.

அதே 50 வயது வரம்பு 4ஆம் அதிகாரத்திலும் வருகிறது. பலகைகள், தூண்கள் முதலிய சுமைகளைத் தூக்குவோரின் கணக்கெடுப்பு அது. கோகாத்தியர் தூயபொருள்களைத் தொட்டால் சாவர் என்னும் எச்சரிக்கையும் அங்கேயே உள்ளது. அவர்கள் சாகாமல் பிழைத்திருக்கும்படி, ஆரோனும் அவன் மக்களும் முன்னரே பொருள்களை மூடிவைத்து, ஒவ்வொருவருக்கும் உரிய வேலையையும் சுமையையும் பிரித்துத் தரவேண்டும். எச்சரிக்கை சுமப்பவரை நோக்கியதாயினும், முன்னேற்பாட்டுக் கடமை மேற்பார்வையாளரிடம் வைக்கப்படுகிறது. வயது வரம்பும் உயிர்ப் பாதுகாப்பும் ஒரே அதிகாரத்தில் இணைந்து வருவதைத் தற்செயல் எனத் தள்ள வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் அறையொன்றில் நால்வருக்கு மேல் பணியாற்றலாகாது என்னும் விதியும் இத்தகைய முன்னேற்பாடே. உள்குத்தகையில் மேற்பார்வைக் கடமை யாருடையது என்பது மங்கிவிடுகிறது.

வெறுங்கையாய் அனுப்பாமை

பணி முடித்துச் செல்பவருக்கு என்ன தரவேண்டும் என்பதை உபாகமம் 15:12–18 கூறுகிறது. ஆறாண்டு உழைத்த அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்கும்போது வெறுங்கையாய் அனுப்பலாகாது. மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாகத் தரவேண்டும். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இந்நோக்கிற்கு அண்மையானது. ஐந்தாண்டுத் தொடர்பணிக்குப் பின், ஆண்டுக்கு 15 நாள் கூலி என அது கணக்கிட்டது. உருப்படிக் கூலி பெறுவோருக்கும் கணக்கீட்டு முறை வகுத்தது. பணியின்போது இறப்பு நேர்ந்தால் ஐந்தாண்டு நிபந்தனையையும் தளர்த்தியது. ஆனால் பணியேட்டில் பெயரில்லாத தொழிலாளிக்கு இவ்வுரிமையை மெய்ப்பிக்கும் வழி அரிது. ஓய்வு எழுத்தில் தொடங்குகிறது எனில் அது மிகையன்று.

பனுவலின் எல்லைகள்

இப்பகுதிகளைப் புகழ்ந்து நிறுத்துவது திறனாய்வாகாது. லேவியரின் ஓய்வு, பத்திலொரு பங்கால் காக்கப்பட்ட ஒரு குலத்துக்குரியது; வயலில் உழைத்தவருக்கு அத்தகைய வயது வரம்பு விதிக்கப்படவில்லை. விடுதலைக் கொடையைப் பேசும் சட்டம் அடிமை முறையை ஒழிக்கவில்லை. ஓய்வுநாள் கட்டளையில் மகன், மகள், வேலையாள், வேலைக்காரி, கால்நடை, அந்நியன் ஆகியோர் பெயர் சுட்டப்படுகின்றனர், மனைவி சுட்டப்படவில்லை. ‘நீ’ என்னும் விளியில் அவளும் அடங்குவாள் என்பர். அவ்வாறு கொண்டாலும், ஓய்வுநாளன்று உணவு பரிமாறுபவர் யார் என்னும் வினா எஞ்சுகிறது. பெண்கள் பெருமளவில் பணிபுரியும் பட்டாசு வட்டாரத்தில் இவ்வினா கூர்மை பெறுகிறது. ஆலையின் விடுமுறை நாள் அவர்களுக்குத் துணி துவைக்கும் நாளாகவும் விறகும் நீரும் சேர்க்கும் நாளாகவும் மாறுகிறது.

லூக்கா 12ஆம் அதிகாரத்துச் செல்வன் உவமையையும் இவ்வாறே நிலைமாற்றி வாசிக்க வேண்டும். களஞ்சியங்களைப் பெரிதாக்கித் தன் ஆன்மாவை ஓய்வெடுக்கச் சொல்பவனையே அது கண்டிக்கிறது. களஞ்சியமே இல்லாதவர் முதுமைக்கென ஒரு தொகையை நாடுவதைப் பேராசை எனக் கூற அவ்வுவமை இடந்தராது.

முடிவுரை

ஓய்வுபெற்றவர் தம் எஞ்சிய நாள்களை எங்ஙனம் பயன்படுத்த வேண்டும் என்பது முறையான வினாவே. எனினும் மேற்கண்ட பகுதிகள் பெரும்பாலும் ஓய்வு எடுப்பவரைவிட ஓய்வு அளிக்கக் கடமைப்பட்டவரை நோக்கியே பேசுகின்றன. ஆறாம் நாளில் இரட்டை உணவு, ஆபத்தான பணிக்கு முன்னேற்பாடு, விடைபெறுபவர் கையில் பொருள் ஆகிய மூன்றும் அக்கடமையின் கூறுகள். எபிரெயர் 4ஆம் அதிகாரம் கூறும் வரவிருக்கும் இளைப்பாறுதலை இறந்தோர்க்குரிய ஆறுதலாக மட்டும் சுருக்கினால், உயிரோடிருப்போர்க்குச் செய்ய வேண்டிய இம்மூன்றும் மறைந்துவிடும். அச்சங்குளத்தில் மாண்டோருக்கு ஓய்வு வயது வாய்க்கவில்லை. அவர்களை நினைவில் கொண்டு வாசிக்கும்போது, முதுமைக்கு முன்னரே தொடங்க வேண்டிய நீதியாக விவிலிய ஓய்வு விளங்குகிறது.