பொறிக்குக் காத்திருக்கும் பெட்ரோல்

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். அக்னி நட்சத்திர மதியம். நண்பரின் காரிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கை மெக்கானிக் துடைக்காமல் அப்படியே என் உள்ளங்கையில் வைத்தார். நுனியிலிருக்கும் வெள்ளைப் பீங்கான் மேல் செங்கல் பொடியைக் குழைத்துப் பூசியது போல ஒரு படிவு. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. நான்கு பிளக்கும் அதே நிறம். "பாட்டில் ஊத்துறீங்களா சார்?" என்று நண்பரைக் கேட்டார். டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு ஆக்டேன் பூஸ்டர் பாட்டில், ஒரு வருடமாக ஊற்றுவதாக நண்பர் சொன்னார். "அதான் இந்தச் செவப்பு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நண்பருக்குச் சொந்த ஊர் சிதம்பரம், வேலை கடலூரில். பத்து வயதான டர்போ ஹேட்ச்பேக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெரும்பாலும் இதுதான். போர்ஷேயும் மஸ்டாங்கும் சனி, ஞாயிறு காலையில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை வந்து திரும்பும். அதற்குத் தெற்கே அவற்றைக் காண்பது அரிது. ஆனால் விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலை வந்த பிறகு, வேகமான சின்னக் கார் வைத்திருக்கும் இளைஞர்கள் இங்கேயும் கூடிவிட்டார்கள். கூடவே பூஸ்டர் பாட்டிலும் வந்துவிட்டது. அது வீண் என்று ஒரே வரியில் தள்ளிவிட மனம் வரவில்லை. அதில் ஓர் உண்மையான பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் எங்கே இருக்கிறதோ அங்கே அதைத் தேடுகிறவர்கள் குறைவு.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பொறுமைக்கு அளவு. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அமுங்கும்போது சூடேறும். பிளக்கின் பொறி விழுந்த பிறகுதான் அந்தக் கலவை எரிய வேண்டும். சுடர் ஒரு பக்கம் தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். சுடர் வந்து சேருமுன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை வெப்பமும் அழுத்தமும் தாளாமல் தானாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். ஏற்றத்தில் பெரிய கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது டின்னுக்குள் கோலிக்குண்டு உருள்வது போல ஒரு சத்தம் கேட்குமே, அது. தொடர்ந்தால் பிஸ்டனையே தின்றுவிடும். ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, எந்தப் பெட்ரோல் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் பங்க்கில் நாம் பார்க்கும் 91, 95, 100.

பொறுமை கூடிய பெட்ரோலில் சக்தியும் கூடியிருக்கும் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. ஒரு லிட்டரை எரித்தால் கிடைக்கும் வெப்பம் 91-க்கும் 100-க்கும் பெரிதாக மாறுவதில்லை. 1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாறின. தாழ்ந்த உயரங்களில் அவற்றின் மெர்லின் எஞ்சின் ஏறக்குறைய 300 குதிரைத்திறன் கூடுதலாகத் தந்தது. அதற்குப் பெட்ரோல் மட்டும் காரணமில்லை. சூப்பர்சார்ஜர் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 6¼ பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். அந்த அழுத்தத்தில் நாக்கிங் வராமல் தாங்கியது மட்டுமே புதிய எரிபொருளின் வேலை. பழைய அழுத்தத்திலேயே விட்டிருந்தால் விலை உயர்ந்த பெட்ரோலை வீணாக எரித்ததாகத்தான் ஆகியிருக்கும்.

இதை நம் ஊர்க் காருக்குப் பொருத்திப் பார்த்தால் விடை பாதி வந்துவிடும். 91-க்கென்று வடிவமைத்த சாதாரண எஞ்சினுக்கு 100 ஊற்றினால் அது அந்தப் பொறுமையைப் பயன்படுத்தத் தெரியாமல் நிற்கும். 98-ஐ மனத்தில் வைத்துச் செய்த போர்ஷே போன்ற எஞ்சின் வேறு ரகம். குறைந்த ஆக்டேன் ஊற்றினால் அதன் நாக் சென்சார் அதிர்வைக் கேட்டு, கம்ப்யூட்டர் வழியாகப் பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இழுவை குறையும். அதற்கு நல்ல பெட்ரோல் ஊற்றினால் இழந்தது திரும்பி வரும். 'பூஸ்டர் ஊத்தினேன், வண்டி பறக்குது' என்கிற அனுபவம் உண்மையாக இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். டர்போ எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று எவ்வளவு சூடோ, நாக்கிங் அவ்வளவு நெருக்கம். மே மாதத்தில் கடலூர்–சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பி.முட்லூர் வரை வெட்டவெளி வெயில். அந்தக் காற்றைத் தணிக்க வேண்டிய, ஐரோப்பியக் குளிருக்கு ஏற்ற இன்டர்கூலர் இங்கே மூச்சு வாங்கும். கடலோர ஈரப்பதம் நாக்கிங்கைக் கொஞ்சம் தணிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த உதவி சிறிது. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் ஒரு படி கூடிய ஆக்டேனுக்குப் பணம் கொடுக்கும் டர்போ கார்க்காரரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கூடுதல் ஆக்டேன் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பாட்டிலும் பங்க்கும் பிரிகின்றன. பாட்டிலில் '30 பாயின்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வாங்குகிறவர் 91 என்பது 121 ஆகிவிடும் என்று நினைக்காவிட்டாலும், ஏதோ பெரிய ஏற்றம் என்று நினைப்பார். இந்த வியாபாரத்தில் பத்துப் பாயின்ட் என்றால் ஒரே ஒரு ஆக்டேன். 30 பாயின்ட் என்றால் 91, 94 ஆகும். அதுவும் எல்லாம் கூடிவந்தால். சில பாட்டில்களில் முக்கியச் சரக்கு டொலுயீன். அதன் ஆக்டேன் சுமார் 120. 45 லிட்டர் டேங்க்கில் 300 மில்லி ஊற்றினால் அது நூற்றில் முக்கால் பங்குகூட இல்லை. 95-இல் இருக்கும் பெட்ரோல் அதனால் ஏறுவது ஒரு ஆக்டேனில் ஆறில் ஒரு பங்கு. இரண்டரை ஆக்டேன் ஏற வேண்டுமானால் நாலரை லிட்டர் டொலுயீன் வேண்டும். கால்குலேட்டர் எடுக்கிற எவரும் ஒரு நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது, எடுக்கத்தான் ஆளில்லை.

சின்னப் பாட்டிலில் நிஜமாகவே வேலை செய்வது உலோகம். மாங்கனீஸ் அடங்கிய எம்.எம்.டி., இரும்பு அடங்கிய ஃபெரோசீன். துளி போதும், ஆக்டேன் ஏறும். விலை பின்னால் வருகிறது. எரிந்த உலோகம் ஆக்ஸைடாகி பிளக்கில் படியும், ஆக்ஸிஜன் சென்சாரில் படியும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரின் தேன்கூட்டுத் துளைகளில் படியும். என் கையில் இருந்த செங்கல் நிறம் அதுதான். படிவு ஏறிய பிளக்கில் பொறி தவறும். பொறி தவறினால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டெரிக்கும். சக்திக்காக ஊற்றியது சக்தியைத் திருடும்.

உலகம் இதை ஒருமுறை பார்த்திருக்கிறது. 1921 டிசம்பரில் அமெரிக்காவில் டெட்ராஎதில் ஈயம் நாக்கிங்கை அடக்கும் என்பதைத் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். ஒரு கேலனுக்குச் சில மில்லி போதும், நாக்கிங் நின்றது. மலிவு, எளிது. பல பத்தாண்டுகள் குழந்தைகளின் ரத்தத்தில் அந்த ஈயம் சேர்ந்தது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுவதுமாக நின்றது 2000 பிப்ரவரியில்தான். எண்ணெய் நிறுவனங்களின் கையிலிருந்து உலோகத்தைப் பிடுங்க அத்தனை ஆண்டு ஆயிற்று. அதே வழக்கத்தை வேறு உலோகத்தில், நம் கையாலேயே, நம் காருக்குள் ஊற்றிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பங்க்கில் கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல் நேர்மையான சரக்கு. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 2020 டிசம்பரில் வந்தது. டெல்லியில் லிட்டர் 160 ரூபாய் என்று தொடங்கினார்கள். ஆனால் நூறு ஆக்டேன் என்பது பெரிய நகரங்களில் தேர்ந்தெடுத்த பங்க்குகளின் சரக்கு. சென்னைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வரலாம் என்று நண்பர் ஒருமுறை சொன்னார். போக வர 370 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 26 லிட்டர் சாலையிலேயே போய்விடும். 45 லிட்டர் டேங்க்கை நிரப்ப 26 லிட்டரை எரிப்பதா?

100 ஆக்டேனுக்கென்று ரீமேப் போட்டுக்கொள்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. கம்ப்யூட்டரில் டர்போ அழுத்தத்தையும் பொறி நேரத்தையும் ஏற்றிவிட்டு, சிதம்பரத்தில் கிடைத்த பெட்ரோலை ஊற்றி ஓட்டுவது, ஸ்பிட்ஃபயரில் 12 பவுண்டு வைத்துக்கொண்டு 87 ஊற்றுவதற்குச் சமம். ரீமேப் வேண்டுமானால் தினமும் கிடைக்கும் பெட்ரோலுக்குத்தான் போட வேண்டும்.

இனிச் சொல்லப்போவது கடலூர்க்காரனாக எனக்கு நெருக்கமான விஷயம். எங்கள் மாவட்டமே ஆக்டேன் பூஸ்டர் விளைவிக்கிறது. நெல்லிக்குப்பத்து ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் காத்திருக்காதவர் இங்கே யாரும் இல்லை. கரும்பிலிருந்து வரும் எத்தனாலின் ஆக்டேன் 108-க்கு மேல். நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலப்பு 2025-இல் வந்துவிட்டது. அரசு சொல்லும் கணக்குப்படி முன்பு 88-ஆக இருந்த சாதாரணப் பெட்ரோல், பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது 91 ஆனது, இந்தக் கலப்பால் 95 ஆகியிருக்கிறது. அப்படியானால் '95' என்று விற்கும் பிரீமியத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர் ஆக்டேனுக்காகக் கொடுக்கவில்லை. அதிலுள்ள சுத்தம் செய்யும் சேர்மானத்துக்காகக் கொடுக்கிறார். நண்பரின் காரைப் போல நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சினில் அந்தச் சேர்மானம் இன்ஜெக்டரைக் கழுவும், இன்டேக் வால்வை எட்டாது. பெட்ரோல் அந்த வழியே போவதே இல்லை.

எத்தனாலுக்கும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. லிட்டருக்கு அதில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்புக்கென்று வடிவமைக்காத கார்களில் மைலேஜ் 6–7 சதவீதம் இறங்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே ஒப்புக்கொண்டது. 20 சதவீதத்தைத் தாங்கும் ரப்பர் குழாய்களும் சீல்களும் வண்டிகளில் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். அதற்கு முந்திய கார் வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியது குழாயைப் பற்றி. அவரோ ஆக்டேன் போதவில்லை என்று பாட்டில் வாங்குகிறார்.

எங்கள் கடற்கரையில் ஆக்டேனுக்கு உண்மையான எதிரி தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை கரைத்து வைத்துக்கொள்ளும். மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தனியாக இறங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோல் தன் பூஸ்டரை இழந்து நிற்கும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும், பாதி டேங்க்கோடு மழைக்காலம் முழுவதும் ஷெட்டில் நிற்கும் வண்டிக்குத்தான் இது அதிகம் நடக்கும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. பெருமழைக்கு மறுநாள் எந்த பங்க்கில் நிரப்புகிறோம் என்பது எந்த பாட்டில் என்பதைவிடப் பெரிய கேள்வி. விற்பனை வேகமாக நடக்கும் பங்க்காகப் பார்த்து நிரப்புவதும், சந்தேகம் வந்தால் அடர்த்தியையும் ஃபில்டர் பேப்பர் சோதனையையும் கேட்டுப் பார்ப்பதும் வாடிக்கையாளர் உரிமை. கேட்டால் காட்ட வேண்டும். முள்ளோடையில் விலை குறைவென்று புதுச்சேரி எல்லை தாண்டிப் போய் வரிசையில் நிற்கும் எங்கள் ஊர்க்காரர்களில், அங்கே நின்று அடர்த்தியைக் கேட்டவரை நான் பார்த்ததில்லை.

சிதம்பரம் போகும் வழியில் பெரியகுப்பம் பக்கம் தொட்டிகளும் கோபுரங்களும் தெரியும். எங்கள் ஊரிலேயே பெட்ரோல் தயாரித்திருக்க வேண்டிய நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஆண்டுக்கு 60 லட்சம் டன் என்று திட்டமிட்டது. கட்டிக்கொண்டிருக்கும்போதே 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்துப் போட்டது. அதன் பிறகு எழவில்லை. பிளக் மாற்றிய அன்று அந்த வழியாகத்தான் நண்பரோடு சிதம்பரம் போனேன். டிக்கியில் திறக்காத பாட்டில் இரண்டு மிச்சமிருந்தன. வண்டியை ஓரம் நிறுத்தி, டேங்க் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை முதன்முறையாக வாசித்தார். குறைந்தபட்ச ஆக்டேன் என்று அதில் போட்டிருந்த எண் 95.

மூவாயிரம் கிலோமீட்டர் கழித்து அதே செம்மண்டலம் ஒர்க்‌ஷாப்பில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பீங்கான் நுனி இளம் காபி நிறத்தில் இருந்தது. மெக்கானிக் அதைத் திரும்பப் போட்டு முறுக்கினார்.