மெலடோனின்: கிண்ணத்தில் ஜெயித்தது, உடம்பில் ஜெயித்ததா?

"டாமாக்சிஃபென் போட்டா உடம்பெல்லாம் கொதிக்குதுப்பா. அதுக்குப் பதிலா மெலடோனின் போட்டுக்கலாமாமே?" மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து மாத்திரையில் இருக்கும் என் சித்தி போன வாரம் கேட்டார். யாரோ கொடுத்த கட்டுரை ஒன்றும் கையில் இருந்தது. வாங்கிப் படித்தேன். அதில் முழுப் பொய் என்று எதுவும் இல்லை. சிக்கலே அதுதான்.

மெலடோனின் என்பது இருட்டு நேரத்தில் பினியல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். 1988ல் ஸ்டீவன் ஹில், டேவிட் பிளாஸ்க் இருவரும் எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுச்செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அதில் மெலடோனின் சேர்த்தார்கள். செல்களின் பெருக்கம் குறைந்தது. நல்ல ஆய்வு, சந்தேகமே இல்லை. ஆனால் கட்டுரைக்காரர் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். இரவில் நம் ரத்தத்தில் இயல்பாக இருக்கும் அளவை ஒட்டிய செறிவில்தான் அது வேலை செய்தது. கூட்டினாலும் பலன் இல்லை, குறைத்தாலும் பலன் இல்லை. அவர் சிபாரிசு செய்யும் 20 மில்லிகிராம் மாத்திரையோ ரத்தத்தில் அந்த அளவைப் பல மடங்கு தாண்டிவிடும். அப்புறம் எப்படி 1988 ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

சரி, மனிதர்களிடம் என்ன ஆச்சு? 1995ல் இத்தாலியின் லிசோனி குழு, டாமாக்சிஃபெனுக்குக் கட்டுப்படாமல் நோய் பரவிய 14 பெண்களுக்கு அதனுடன் மெலடோனினும் கொடுத்தது. 4 பேருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. கவனியுங்கள், டாமாக்சிஃபெனை நிறுத்தவில்லை, சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. இதைத் தொடக்கம் என்று சொல்லலாம், முடிவு என்று சொல்ல முடியாது.

2005ல் மில்ஸ் குழு பலவகைப் புற்றுநோய்களில் நடந்த 10 ஆய்வுகளை, மொத்தம் 643 நோயாளிகளை, தொகுத்துப் பார்த்தது. ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக வந்தது. பிரமாதம்! ஆனால் யாருக்கு எந்த மருந்து என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வுகள் அவை. 2021ல் கனடாவில் நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த 709 பேரிடம், யாருக்கு எது என்று தெரியாமல், 20 மில்லிகிராம் மெலடோனினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில், நோய் திரும்பாமல் இருப்பதில் வித்தியாசமே இல்லை. நோய் வேறுதான். ஆனாலும் கண்ணைக் கட்டிச் சோதித்ததும் பழைய பளபளப்பு காணாமல் போனதைப் பார்க்க வேண்டாமா?

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட, மாதவிடாய் நின்ற 95 பெண்களிடமும் இப்படி ஒரு சோதனை நடந்தது. 3 மில்லிகிராம், 4 மாதம். ஈஸ்ட்ரோஜன் அளவு அசையவில்லை. தூக்கம் மட்டும் மேம்பட்டது.

எதிர்ப்பக்கம் டாமாக்சிஃபெனை வையுங்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில், ஐந்தாண்டு எடுத்தால் இந்த நோயால் வரும் மரணம் 15 ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து வந்த கணக்கு இது.

சித்தியிடம் சொன்னேன்: "கொதிப்பைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க."

"அப்ப தூக்கத்துக்கு?"

"அதையும் அவர்கிட்டயே கேளுங்க. தூக்கத்துக்குன்னு கேட்டா அது நியாயமான கேள்வி."