யாருக்கான இரகசியம்?

கருக்கலைப்பு உரிமை தொடர்பான தீர்ப்பொன்றின் வரைவு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலிருந்து கசிந்து 2022 மே 2ஆம் திகதி வெளியாயிற்று. 1973 முதல் அந்நாட்டுப் பெண்கள் அனுபவித்துவந்த உரிமை பறிபோகவிருக்கிறது என்பதே அதன் சாரம். ஆனால் காங்கிரஸ் சபையில் சிலர் கொதித்தெழுந்தது பறிபோகும் உரிமைக்காக அன்று, கசிந்துவிட்ட தாளுக்காக! செனற்றர் பில் கசிடி கொண்டுவந்த சட்டமூலம், நீதிமன்ற இரகசியத்தை வெளியிடுவோர்க்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. அது சட்டமாகவில்லை, கசியவிட்டவர் யாரென்பதும் நீதிமன்றத்தின் விசாரணையிற் புலப்படவில்லை. வரைவோ, யூன் 24இல் பெரும்பாலும் அதே வடிவில் தீர்ப்பாயிற்று.

வாஷிங்டன் விவகாரம் யாழ்ப்பாணத்தவர்க்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நீதித்துறையில் இரகசியமே கூடாது என்பது எமது வாதமன்று. சாட்சியின் முகவரியை வெளியிடுபவன் கொலைக்கு வழிகாட்டுகிறான். அவனைத் தண்டிப்பதே முறை. எளியவனின் உயிரைக் காக்கும் இரகசியம் வேறு. அதிகாரத்தின் முகத்தைக் காக்கும் இரகசியம் வேறு. இவ்விரண்டையும் ஒரே கயிற்றிற் கட்டும் சட்டம் எவர்க்குத் துணைபோகும் என்பதை, 1955ஆம் ஆண்டின் அரச இரகசியச் சட்டத்தோடு வாழ்ந்துவரும் நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

2006இல் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டனர். அதனையும் ஆராய்ந்த உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2009இல் சனாதிபதியின் கைக்குச் சென்றது. மக்கள் அதனைக் கண்டது 2015இல். ஆறாண்டுகள் அது யாரைக் காத்தது?

இதற்கு நேர்மாறான நிகழ்வொன்றும் நம் மண்ணோடு தொடர்புடையது. கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில், 1998 யூலையில், குற்றவாளியாகக் காணப்பட்ட இராணுவத்தினன் ஒருவன், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று கொழும்பு மேல் நீதிமன்றத்தில் எல்லோரும் கேட்கக் கூறினான். அக்கூற்று ஓர் இரகசியக் கோவைக்குள் அடங்கியிருப்பின், 1999இல் அங்கு 15 எலும்புக்கூடுகளேனும் தோண்டப்பட்டிருக்குமா என்பது ஐயமே. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில், யாழ்ப்பாண நீதவானின் மேற்பார்வையில், 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அங்கு கிடைத்த உடைகளையும் பிற பொருள்களையும் நீதிமன்றம் பெட்டகத்துட் பூட்டிவைக்கவில்லை. உறவினர் அடையாளம் காணும்பொருட்டு, ஆகஸ்ட் 5ஆம் திகதி, அவற்றை மக்கள்முன் பரப்பிவைக்கச் செய்தது.